டோக்கியோ போகிறேன், கேமரா வாங்கலாமா?

கேள்வி: கோவையிலிருந்து முதல்முறையாக ஒரு வாரம் டோக்கியோ போகிறேன். சோனி ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) பாடி, அதாவது லென்ஸ் சேராத கேமரா உடல், ஒன்று வைத்திருக்கிறேன். கேமரா அங்கே மலிவு என்கிறார்கள். இதை இங்கேயே விற்றுவிட்டு, போய் இறங்கியதும் புதிய பாடி வாங்கி அதிலேயே படமெடுக்கலாம் என்று திட்டம். சரியா?

பதில்: விற்காதீர்கள். ஜப்பானில் விற்கும் சோனி பாடிகள் பெரும்பாலானவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும். ஆங்கிலத்துக்கு மாற்ற வழி இருக்காது. கையடக்க மொழிபெயர்ப்புக் கருவியோடு மெனுவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) தேடுவது முதல் நாள் வேடிக்கையாக இருக்கும், மூன்றாம் நாள் இருக்காது. போதாக்குறைக்கு வாரண்டி. அங்கே வாங்கிய பாடி இங்கே பழுதானால் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

டோக்கியோவில் உண்மையான லாபம் பழைய லென்ஸில் இருக்கிறது. ஷின்ஜுகு நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கினால் மேப் கேமரா என்ற கடை. அங்கிருந்து ஜேஆர் சூவோ விரைவு ரயிலில் ஒரே நிறுத்தம் நகானோ. வடக்கு வாயிலில் வெளியேறி நடந்தால் ஃபுஜியா கேமரா. கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்களில் பித்து இருந்தால் கின்சாவில் லெமன்ஷாவைப் பாருங்கள். ஒரு தேவாலயக் கட்டடத்தின் 8-ஆம் மாடியில் கேமராக் கடை, அதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை ஏறலாம்.

இந்தக் கடைகளில் ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு சீட்டு தொங்கும். அதில் ஏ, ஏபி, பி என்று தரம் போட்டிருப்பார்கள். எழுத்தை மட்டும் நம்பி எடுக்காதீர்கள், ஒரு கடையின் ஏபி இன்னொரு கடையின் பி ஆகலாம். எழுத்துக்குக் கீழே பொடியாக எழுதியிருக்கும் குறிப்புதான் விஷயம். போனின் மொழிபெயர்ப்பு ஆப்பை அதன்மேல் காட்டுங்கள். 'கபி' என்று வந்தால் வைத்துவிடுங்கள். நம் மொழியில் கபி குரங்கு, அங்கே பூஞ்சை. 'குமோரி' என்றால் உள்ளே மங்கல் படர்ந்திருக்கிறது, அதுவும் வேண்டாம். தூசி என்று மட்டும் எழுதியிருந்தால் பயப்படத் தேவையில்லை, படத்தில் தெரியாது. 'ஜங்க்' கூடையில் கிடப்பவை தலைவிதி: திருப்பி எடுக்கமாட்டார்கள்.

பாடியை விற்காதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். கேட்டால் உங்கள் கேமராவில் மாட்டிப் பார்க்க விடுவார்கள். டிரைபாட் வேண்டாம், லென்ஸின் துவாரத்தை (அப்பெர்ச்சர்) முழுதாகத் திறந்து தூரத்துப் பலகை ஒன்றை எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தெளிவில்லாமல் குழைந்திருந்தால் லென்ஸ் எங்கோ அடிவாங்கியிருக்கலாம். பிறகு போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து முன்னால் குனிந்து பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் மாதிரி தெரியும். பேரம் பேசாதீர்கள். அங்கே அது பழக்கமில்லை, இரண்டு பேருக்கும் சங்கடம்தான் மிஞ்சும்.

பணம் கட்டும்போது கார்டு இயந்திரம் ரூபாயா, யென்னா என்று கேட்கலாம். யென்னையே அழுத்துங்கள். நான் ஒருமுறை, வேறொரு ஊரில், ரூபாயில் பார்த்தால் கணக்கு சுலபம் என்று நினைத்து அழுத்தினேன். அவர்கள் வைத்த மாற்று விகிதத்துக்கு இன்னொரு லென்ஸ் மூடி வாங்கியிருக்கலாம்.

கேள்வி: வரி திரும்பக் கிடைக்குமாமே?

பதில்: நுகர்வு வரி 10 சதவீதம். வரிவிலக்குப் பலகை உள்ள கடைகளில், 5,000 யென் அல்லது அதற்கு மேல் வாங்கும் சுற்றுலாப் பயணிக்கு அந்த வரி கிடையாது. பாஸ்போர்ட் அசலாகக் கையில் இருக்க வேண்டும், நகல் எடுபடாது. 2026 அக்டோபர் முடிய கடையிலேயே கழித்துக்கொடுக்கும் ஏற்பாடு. 2026 நவம்பர் 1 முதலான ஏற்பாட்டில் வரியோடு முழுத்தொகையையும் கட்டிவிட்டு, கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கச் சரிபார்ப்பு முடிந்தபின் திரும்பப் பெற வேண்டும். ஆகவே அன்று கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்; வாங்கிய பொருளைச் செக்-இன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.

இந்தப் பத்து சதவீதத்தை இங்கே இறங்கும்போது இழந்துவிடவும் கூடும். வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பைத் தாண்டினால் நம் சுங்கத்துறை வசூலிக்கும். புறப்படுவதற்கு முன் அன்றைய வரம்பை அவர்களின் இணையதளத்தில் பார்த்து, அதற்குள் அடங்கும் லென்ஸாகத் தேர்ந்தெடுங்கள். ரசீது கையில் இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் கேமராவுக்கும் திரும்பி வரும்போது வரி கேட்பார்களா?

பதில்: கேட்காமலிருக்க வழி உண்டு. போகும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் பாடி, லென்ஸ்களின் சீரியல் எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை மூடி வையுங்கள்.

கேள்வி: காசில்லாமல் நகரத்தை மேலிருந்து எடுக்க இடம்?

பதில்: ஷின்ஜுகுவில் டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடம். 45-ஆம் மாடி, 202 மீட்டர் உயரம், அனுமதி இலவசம். டிரைபாடுக்கு இடமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று எடுப்பதால் உள்ளே எரியும் விளக்கு படத்தில் விழும். ஒரு கறுப்புத் துணியை லென்ஸைச் சுற்றிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். புன்க்யோ சிவிக் சென்டரின் 25-ஆம் மாடியும் இலவசம். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து ஷின்ஜுகு கோபுரங்களுக்குப் பின்னால் ஃபுஜி மலை நிற்கும். குளிர்காலக் காலையில் போனால் வாய்ப்பு அதிகம்.