மாடியில் சோலார் இருக்கிறது, பேட்டரியும் வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் நெட் மீட்டருடன் (வெளியே அனுப்புவதையும் உள்ளே எடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) இயங்குகிறது. நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில்கூட மின்தடை வந்தால் வீட்டில் மின்விசிறி சுழல்வதில்லை. இது கோளாறா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கோளாறு இல்லை, அம்மா. சோலார் தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இத்தகைய இன்வெர்ட்டர், மின்வாரியக் கம்பியில் வரும் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் பின்பற்றியே இயங்குகிறது. கம்பியில் மின்சாரம் நின்ற கணமே இன்வெர்ட்டரும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. அப்படி நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் பணியாளர் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடும் கம்பியில் உங்கள் மாடியின் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும். மின்தடையிலும் சோலாரைப் பயன்படுத்த வேண்டுமானால், முதலில் வீட்டை வெளிக்கம்பியிலிருந்து துண்டித்து, பிறகு தானே மின்னழுத்தத்தை உருவாக்கித் தரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் அதனுடன் பேட்டரியும் தேவை. இப்போதுள்ள இன்வெர்ட்டரில் பேட்டரியை மட்டும் வாங்கி இணைக்க முடியாது. அந்த இன்வெர்ட்டர் புதியது, மாற்ற மனமில்லை என்றால், அதை அப்படியே வைத்துக்கொண்டு, பேட்டரிக்கென்று தனி இன்வெர்ட்டரை வீட்டு மின்சுற்றில் சேர்க்கும் வழியும் உண்டு. மின்தடையின்போது பேட்டரி நிறைந்ததும் அந்தத் தனி இன்வெர்ட்டர் அலைவெண்ணைச் சற்று உயர்த்த, சோலார் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். இரண்டும் இவ்வாறு ஒத்துப்போகின்றனவா என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.

கேள்வி: பேட்டரி வைத்தால் மின்கட்டணம் இன்னும் குறையும் என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: உங்கள் வீட்டில் நெட் மீட்டர் இருந்தால், உண்மையில்லை என்றே சொல்வேன். பகலில் நீங்கள் வெளியே அனுப்பும் ஒரு யூனிட், இரவில் எடுக்கும் ஒரு யூனிட்டுடன் கழிக்கப்படுகிறது. மிஞ்சியது அடுத்த பில்லின் கணக்குக்குச் செல்கிறது. அதாவது, மின்வாரியமே உங்களுக்கு இழப்பில்லாத சேமிப்பாக இருந்துவருகிறது. அதே யூனிட்டை வீட்டு பேட்டரியில் ஏற்றி இறக்கினால், லித்தியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கும், ஈய அமில பேட்டரியில் அதைவிட அதிகமாகவும் வீணாகும். இந்த இழப்புக்காக ஒரு பெருந்தொகையை முன்கூட்டியே செலவழிப்பது சேமிப்பு ஆகாது. இலவச யூனிட்டுகளிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும் சிறிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் பாதகமானது.

விதிவிலக்குகள் உண்டு. நெட் மீட்டர் கிடைக்காமல், உபரியை வெளியே அனுப்ப முடியாத வீடுகளில் பேட்டரி பயன் தரும். மத்திய அரசு 2023-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், பகல் நேரத்திற்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்திற்குக் கூடுதல் கட்டணமும் வைக்க வழிசெய்திருக்கின்றன. அது நம் வீடுகளுக்கு நடைமுறையாகும் நாளில் கணக்கு மாறலாம். அதுவரை, நெட் மீட்டர் உள்ள வீடுகளில் பேட்டரி வாங்கும் ஒரே நியாயமான காரணம் மின்தடைதான்.

கேள்வி: 5 கிலோவாட் சோலாருக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: சோலாரின் அளவை வைத்துக் கணக்கிட வேண்டாம், மின்தடை இரவில் எவையெல்லாம் ஓடியே தீர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிகள் மூன்று, எட்டு மணி நேரத்தில் 1.8 யூனிட் எடுக்கும். அவற்றை 30 வாட் அளவே எடுக்கும் பி.எல்.டி.சி. மின்விசிறிகளாக மாற்றினால் முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். குளிர்பதனப் பெட்டிக்கு அரை யூனிட்டும், எல்.இ.டி. விளக்குகள், வைஃபை ஆகியவற்றுக்குச் சிறிதும் சேர்த்தால், ஓர் இரவுக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் போதும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 5 யூனிட் கொள்ளும் என்பதால், அது தாராளமாகவே போதுமானது. எனவே முதலில் மின்விசிறிகளை மாற்றுங்கள், பிறகு பேட்டரி வாங்குங்கள்.

ஏ.சி.யையும் போர்வெல் மோட்டாரையும் பேட்டரிச் சுற்றில் சேர்க்காதீர்கள். ஒன்றரை டன் ஏ.சி. அந்த பேட்டரியைச் சில மணி நேரத்தில் காலி செய்துவிடும். மோட்டாரோ கிளம்பும் நொடியில் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டம் கேட்டு இன்வெர்ட்டரை நிறுத்திவிடும்.

கேள்வி: ஏற்கெனவே 150 ஆம்பியர் ஹவர் ட்யூபுலர் (ஈய அமில வகை) பேட்டரிகள் இரண்டுடன் சாதாரண இன்வெர்ட்டர் இருக்கிறது. அது போதாதா? (மதுரை வாசகி)

பதில்: பெரும்பாலான நகர வீடுகளுக்கு அதுவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து 3.6 யூனிட் கொள்ளும். ஆயுளைக் காக்கப் பாதிவரை மட்டுமே பயன்படுத்தினாலும் 1.8 யூனிட் கிடைக்கிறது. குறை ஒன்றுதான்: மின்சாரம் வராத வரை அது மீண்டும் நிரம்பாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்ததை நினைத்துப் பாருங்கள். கடற்கரை மாவட்டங்களில், குறிப்பாக இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டியவர்களோ ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்களோ உள்ள வீடுகளில், பகலில் வெயிலிலேயே நிரம்பிக்கொள்ளும் ஹைபிரிட் அமைப்புக்குச் செலவிடுவதை நான் முழு மனதுடன் ஆதரிக்கிறேன். எதை வைத்தாலும், பழைய பேட்டரியையும் புதியதையும், ஈய அமிலத்தையும் லித்தியத்தையும் ஒன்றாக இணைக்காதீர்கள்.

கேள்வி: லித்தியம் பேட்டரி தீப்பிடிக்குமா? எங்கே வைப்பது? (சென்னை, வேளச்சேரி வாசகர்)

பதில்: லித்தியத்திலும் வகைகள் உண்டு. வீட்டுக்கு இரும்பு பாஸ்பேட் வகையையே கேட்டு வாங்குங்கள். வெப்பத்தில் நிலைகுலையாத தன்மை அதில் அதிகம். ஐ.இ.சி. 62619 என்ற பாதுகாப்புச் சான்றும், இன்வெர்ட்டருடன் தகவல் பரிமாறும் கட்டுப்பாட்டு அமைப்பும் இருக்கட்டும். மாடியில் தகரக் கொட்டகைக்குள் எந்த பேட்டரியையும் வைக்காதீர்கள். ஈய அமில பேட்டரிக்கு வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதால் காற்றோட்டமும் தேவை, அருகில் விளக்கேற்றக் கூடாது. படுக்கையறையும், வெளியேறும் வழியான படிக்கட்டின் அடியும் வேண்டாம். உங்கள் பகுதியில் வெள்ளம் நின்ற உயரம் உங்களுக்கே தெரியும்; அதற்கு மேலே, சுவரில் பொருத்துங்கள்.

கேள்வி: பேட்டரிக்கு மானியம் உண்டா? (சேலம் வாசகர்)

பதில்: பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்ற மானியம் சோலார் திறனுக்கு உரியது, பேட்டரி சேர்ப்பதால் அது அதிகரிக்காது. பொருத்தப்பட்ட இன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.