விரல் நுனியில் ஒரு சொட்டு: காய்ச்சல் குழந்தைகளும் உடனடி ரத்தப் பரிசோதனைகளும் (கேள்வி-பதில்)

கேள்வி: என் குழந்தைக்குக் காய்ச்சல். விரலில் குத்திப் பார்த்ததில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதம் 12 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: குழந்தையின் வயது என்ன, காய்ச்சல் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று, 12 என்பது எந்த அலகில் என்ற மூன்றையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்ல முடியும்? லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்றால் சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் அந்த அளவு வரும். டெசிலிட்டருக்கு 12 மில்லிகிராம் என்றால் அது லிட்டருக்கு 120. அந்தக் குழந்தையை மருத்துவர் அன்றைக்கே உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாக வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதையும் தயவுசெய்து படியுங்கள். இனி நான் எழுதும் சி.ஆர்.பி. அளவுகள் எல்லாம் லிட்டர் கணக்கு.

கேள்வி: பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்படியானால் பாக்டீரியா தொற்று இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. எந்தக் கிருமியால் வந்த காய்ச்சலானாலும் அம்மருந்து இறக்கும். காய்ச்சல் இறங்கிய பிறகும் குழந்தை துவண்டே கிடந்தால் அதைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் இரண்டு வயது மகளுக்கு மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. ஒன்பது மணிக்கு எடுத்த சி.ஆர்.பி. 4 தான். இருந்தும் மருத்துவர் இரவு முழுவதும் வைத்துக் கவனிக்க வேண்டும் என்றார். தேவையில்லாமல் பயமுறுத்தினாரா?

பதில்: இல்லை. சரியாகச் செய்தார். இதைப் பல முறை எழுதிவிட்டேன். இன்னும் பல முறை எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

சி.ஆர்.பி. என்பது கிருமி அன்று. உடலில் அழற்சி மூண்ட செய்தி போய்ச் சேர்ந்த பிறகு கல்லீரல் உற்பத்தி செய்யும் புரதம் அது. ரத்தத்தில் அது தெளிவாக ஏறுவதற்கு 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். உச்சத்தைத் தொட ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஆகவே மூன்றாவது மணியில் எடுத்த ஓர் அளவு, காய்ச்சல் வருவதற்கு முன்பு குழந்தை எப்படி இருந்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. பெல்ஜியத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, 5-க்குக் கீழே இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையான தொற்றை ஒதுக்கிவிடலாம் என்றது உண்மை. ஆனால் காய்ச்சல் குழந்தைகள் எல்லோருக்கும் குத்திப் பார்க்காமல், மருத்துவர் பார்த்துச் சந்தேகப்படும் குழந்தைகளுக்கு மட்டும் இப்பரிசோதனையை வைத்துக்கொள்ளச் சொன்னதும் அதே ஆய்வுதான். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள்.

என் பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, ஒன்பது மாதக் குழந்தை ஒன்று வந்தது. காய்ச்சல் தொடங்கி நான்கு மணி நேரம், சி.ஆர்.பி. கருவி காட்டும் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. நான் வீட்டுக்கு அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். மூத்த செவிலியர் ஒருவர் குழந்தையின் மார்பெலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மூன்று விநாடி கடந்தும் சிவக்கவில்லை. பாதங்கள் சில்லென்றிருந்தன. டயாபரைப் பிரித்தபோது அடிவயிற்றில் குண்டூசித் தலையளவில் இரண்டு ஊதாப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் அவை மறையவில்லை. ரத்தத்தில் தொற்று பரவுவதன் அடையாளங்கள் இவை. உடனே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டோம். மறுநாள் காலை சி.ஆர்.பி. 150-ஐத் தாண்டியிருந்தது. குழந்தை பிழைத்தது. நான் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டவர் அந்தச் செவிலியர்.

மணி பார்க்காமல் சி.ஆர்.பி. பார்க்காதீர்கள்.

கேள்வி: புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் மருத்துவன் நான். சி.ஆர்.பி. நல்லதா, புரோகால்சிடோனின் நல்லதா?

பதில்: பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் இன்னொரு புரதம் புரோகால்சிடோனின். அது சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும் என்பதால், காய்ச்சல் தொடங்கிய முதல் அரை நாளிலும் மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிலும் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் பிறந்து முதல் இரண்டு நாளில் அது நோயில்லாமலேயே ஏறும் என்பதை மறந்துவிடாதீர்கள். சி.ஆர்.பி. 20-க்குக் கீழும் புரோகால்சிடோனின் மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழும் இருந்தால் ஆறுதல். முறையே 80-க்கும் 2-க்கும் மேலே போனால் எச்சரிக்கை. இடைப்பட்ட அளவுகளில் கருவி உங்களுக்கு உதவாது. குழந்தையைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இரண்டுக்கும் மணிக் கணக்கு உண்டு என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சி.ஆர்.பி. 90 இருந்தும் மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தரவில்லை. கவனக்குறைவா?

பதில்: ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத அடினோவைரஸ் காய்ச்சலிலும் அந்த அளவு வருவதுண்டு. குழந்தையை முழுதாகப் பார்த்துவிட்டு, எப்போது மறுபடி வரவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் அது கவனக்குறைவாகாது.

கேள்வி: ஒரே குழந்தைக்கு அடுத்தடுத்து இரு முறை எடுத்தால் அளவு மாறுகிறது. கருவி பழுதா? (ஒரு செவிலியர்)

பதில்: கருவியைச் சந்தேகப்படும் முன் விரலைப் பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்குங்கள். ஸ்பிரிட் உலர்ந்த பிறகே குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுங்கள். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் திசுநீரும் ரத்தத்தோடு கலந்துவிடும். ரத்தம் உறிஞ்சும் நுண்குழாயில் காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பிசகும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையின் சிறுநீர் ஸ்ட்ரிப்பில் நைட்ரைட் இல்லை. சிறுநீர்த் தொற்று இல்லை என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. நைட்ரைட் என்பது சிறுநீரில் பாக்டீரியா உண்டாக்கும் பொருள். அது உண்டாகச் சிறுநீர் ஏறத்தாழ நான்கு மணி நேரம் சிறுநீர்ப்பையில் தங்க வேண்டும். கைக்குழந்தைக்கு அவ்வளவு பொறுமை ஏது? வெள்ளணுவைக் காட்டும் கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீரைக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பாதீர்கள். தோலில் இருக்கும் கிருமியெல்லாம் அதில் வளர்ந்து நிற்கும்.

கேள்வி: வீட்டிலேயே ஒரு சி.ஆர்.பி. கருவி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நல்ல வெப்பமானி ஒன்றும், விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்றும் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் எண்ணிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.