சிறிய கல்லூரி டிவிஷன் 1-க்கு ஏறலாமா? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஒரு சிறிய கல்லூரியில், விளையாட்டுத் துறையின் வரவு செலவுக் கணக்கைப் பத்தொன்பது ஆண்டுகள் பார்த்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று பிரிவுகள் உண்டு. எங்கள் ஐஸ் ஹாக்கி அணியை டிவிஷன் 3-லிருந்து டிவிஷன் 1-க்கு உயர்த்தலாமா என்று ஆராய மூன்று முறை குழு போட்டார்கள். மூன்றிலும் நான் இருந்தேன். மூன்று முறையும் ஏறவில்லை. அந்த வகையில் என்னிடம் கேட்கலாம். விசா, கணினிப் படிப்பு, முழங்கால் வலி ஆகியவற்றுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி (கோவில்பட்டியிலிருந்து ஒருவர்): ஐயா, அங்கே செயற்கைப் புல்தரை வசதி எப்படி?

பதில்: தம்பி, இது பனிக்கட்டி மேல் ஸ்கேட் போட்டு ஆடும் ஹாக்கி. புல்தரையைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

கேள்வி (நியூஜெர்சியிலிருந்து ஒரு தாய்): டிவிஷன் 3 என்றால் மூன்றாம் தரமா?

பதில்: இல்லை அம்மா. முக்கியமான வேறுபாடு பணத்தில் இருக்கிறது. டிவிஷன் 3 கல்லூரி, விளையாட்டுத் திறமைக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக் கூடாது. டிவிஷன் 1 தரலாம். ஆண்கள் ஹாக்கியில் நடுவில் இருக்க வேண்டிய டிவிஷன் 2-க்குத் தேசியப் பட்டமே 1999-உடன் நின்றுபோனது. ஏணியில் நடுப்படி இல்லை. தாண்டினால் ஒரே தாண்டு.

கேள்வி (கணக்காளர் ஒருவர், கிளீவ்லாந்து): ஏறினால் கணக்கில் என்ன மாறும்? பயணச் செலவு, பயிற்சியாளர் சம்பளம் என்று பொதுவாகச் சொல்லாமல் விளக்குங்கள்.

பதில்: இப்படிக் கேட்பவருக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிறிய தனியார் கல்லூரிக்கு டிவிஷன் 3 ஹாக்கி என்பது மாணவர் சேர்க்கைக்கான ஒரு வழி. 28 பையன்கள் ஹாக்கி ஆட இடம் கிடைக்கிறது என்பதற்காகவே வந்து சேர்கிறார்கள், கட்டணம் கட்டுகிறார்கள். மிச்சிகனில் ஏட்ரியன் கல்லூரி இதையே கொள்கையாக வைத்தது. 2005-க்குப் பிறகு அணிகளைக் கூட்டி, சொந்தமாக ஐஸ் அரங்கம் கட்டி, தேய்ந்துகொண்டிருந்த மாணவர் எண்ணிக்கையை மீட்டது. 2022-ல் டிவிஷன் 3 பட்டத்தையும் வென்றது. எங்கும் ஏறவில்லை.

இப்போது ஏறுங்கள். அதே பையன் கட்டணம் கட்டுகிறவனாக இல்லாமல், கட்டணம் தள்ளுபடி பெறுகிறவனாகிவிடுகிறான். கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் அச்சிட்ட விலையில் 70,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டிவிஷன் 1-ல் நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு 18 முழு உதவித்தொகை. பெருக்கினால் 12.6 லட்சம் டாலர். இதைப் பார்த்து அறங்காவலர்கள் மயங்கி விழுவார்கள். உடனே ஆலோசனை நிறுவனத்து ஆள் எழுந்து, "இது வெறும் ஏட்டுக் கணக்கு, காலி இருக்கையில் ஒருவனை உட்கார வைக்க உங்களுக்கு என்ன செலவு?" என்பார். இரண்டுமே தவறு. அந்த இருக்கை காலியாக இல்லை. சலுகைகள் போக ஆளுக்கு 25,000 டாலர் கட்டிக்கொண்டு ஒரு பையன் அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். 18 பேருக்கு 4.5 லட்சம் டாலர். பெட்டியிலிருந்து பணம் வெளியே போகவில்லை, பெட்டிக்குள் வராமல் போகிறது. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ன் டைட்டில் 9 சட்டப்படி, பெண் வீராங்கனைகளுக்கான உதவித்தொகையும் அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் உயர வேண்டும். 4.5 என்பதை 9 என்று படியுங்கள். இதற்கு மேல்தான் பயணம், சம்பளம் எல்லாம்.

அரங்கம் தனிக் கதை. எங்கள் மூன்றாவது குழு கூடிய அதே பிப்ரவரியில், ஒரு ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் தரையை உறைய வைக்கும் கம்ப்ரஸர் ஒன்று நின்றுவிட்டது. தண்டனைப் பெட்டிக்கு எதிரே பனித்தரை சொதசொதவென்றாகி, பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) நகராமல் நின்றது. ஐஸைச் சமன்செய்யும் ஸாம்போனி வண்டியின் ஓட்டுநர் மண்டியிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரல் நகம் வரை உள்ளே போனது. அவர் நிமிர்ந்து எங்கள் வரிசையைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பழைய அரங்கங்கள் பல ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடுபவை; 2020 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் அதைப் புதிதாகத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் தடை. ஆலோசகரின் அறுபது பக்க அறிக்கையில் பார்வையாளர் மாடங்களுக்கு ஒரு படம் இருந்தது. கம்ப்ரஸர் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

கேள்வி (பாஸ்டன் மாணவர்): யூனியன் கல்லூரி ஏறிப் பட்டம் வென்றதே, மற்றவர்களால் ஏன் முடியாது?

பதில்: இது வரும் என்று தெரியும். ஸ்கெனெக்டடியில் ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள் படிக்கும் கல்லூரி யூனியன். 2014-ல் பிலடெல்பியாவில் மினசோட்டாவை 7-4 என்று வென்றது. அதுவும், மற்ற ஆட்டங்களில் டிவிஷன் 3 கல்லூரியாகவே இருந்ததால், விளையாட்டு உதவித்தொகை தர அனுமதி இல்லாத நிலையில். அந்த அனுமதி 2022-ல்தான் கிடைத்தது. அன்று இரவு நானும் கத்தினேன்.

ஆனால் ஏறியது 1991-ல். தேசியப் போட்டிக்குள் முதல்முறை காலடி வைத்தது 2011-ல். இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளும் அதற்கு ஒரு நல்ல லீக் இருந்தது. கார்னெல், ஹார்வர்டு எல்லாம் வந்து ஆடிய லீக். உங்கள் கல்லூரித் தலைவர் இருபது ஆண்டுகள் பதவியில் இருப்பாரா? லீக்கிடமிருந்து எழுத்தில் அழைப்பு இருக்கிறதா? லீக்கின் கடிதம் கையில் இல்லாமல் ஏறாதீர்கள்.

கேள்வி (அட்லாண்டாவிலிருந்து): லீக் இல்லாமல் தனியாக ஆடக் கூடாதா?

பதில்: ஆடலாம், ஹன்ட்ஸ்வில் ஆடியதுபோல. அலபாமாவில் ஹாக்கியா என்று சிரிக்காதீர்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹன்ட்ஸ்வில் வளாகம் 1996, 1998 என்று இரண்டு முறை டிவிஷன் 2 பட்டம் வென்றது. மேலே ஏறி 2007-லும் 2010-லும் தேசியப் போட்டிக்குப் போனது. 2010-ல் அதன் லீக் கலைந்தது. மூன்று ஆண்டுகள் அநாதை. 2013-ல் டபிள்யூ.சி.ஹெச்.ஏ. என்ற லீக் சேர்த்துக்கொண்டது. பிறகு அதிலிருந்து ஏழு அணிகள் விலகிப் போய் 2021-ல் தங்களுக்கென்று லீக்கை அமைத்துக்கொண்டன. அவை சேர்த்துக்கொள்ளாமல் விட்டுச்சென்றவற்றில் ஹன்ட்ஸ்வில்லும் ஒன்று. 2020-ல் அணியை மூடுவதாக அறிவித்தபோது முன்னாள் வீரர்களும் ரசிகர்களும் சில நாட்களில் லட்சக்கணக்கான டாலர் திரட்டிக் காப்பாற்றினார்கள். ஓர் ஆண்டுதான். 2021-ல் சேர லீக் இல்லாததால் நிறுத்திவிட்டார்கள். பணம் கிடைத்தது, லீக் கிடைக்கவில்லை. வடக்கே இருப்பவர்கள் தெற்கே பறந்து வந்து ஆட விரும்பவில்லை.

கேள்வி (மினியாபொலிஸ் வாசகர்): எங்கள் ஊர் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அண்ணா.

பதில்: அவர்கள் ஏறியதற்கு ஆசை ஒரு காரணம்; பழைய லீக் வெளியேற்றியது முதல் காரணம். மற்றக் கல்லூரிகளை எல்லா ஆட்டத்திலும் துவைத்தெடுத்ததால் 2019-ல் மினசோட்டா லீக் அவர்களைப் போகச் சொல்லிவிட்டது. ஹாக்கி மட்டும் போகவில்லை, மொத்தத் துறையும் டிவிஷன் 1-க்குப் போனது. ஆண்கள் ஹாக்கியில் முதல் பருவம் 36 ஆட்டங்களில் 3 வெற்றி. நான்காம் பருவத்தில் லீக் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். 2025-ல் சொந்த அரங்கமும் திறந்தாயிற்று. அதற்கு ஒரு தம்பதியர் மட்டும் 7.5 கோடி டாலர் கொடுத்தார்கள். அது சிறிய கல்லூரியே அல்ல. ஆறாயிரம் இளநிலை மாணவர்கள், பெருநகரம், ஹாக்கி என்றால் உயிரை விடும் மாநிலம். அதைப் பார்த்து நாமும் என்று கிளம்பக் கூடாது.

கேள்வி (பீனிக்ஸ்): ஒரு பெரிய கொடையாளர் கிடைத்தால் போதாதா? பென் ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் அப்படித்தானே?

பதில்: பென் ஸ்டேட்டுக்கு டெர்ரி பெகுலா 2010-ல் அறிவித்த தொகை 8.8 கோடி டாலர். அரிசோனா ஸ்டேட் 3.2 கோடி டாலர் கொடையோடு தொடங்கியது. இரண்டும் மாபெரும் பல்கலைக்கழகங்கள், கொடை தீர்ந்தாலும் தாங்கும். எங்கள் இரண்டாவது குழுவின்போதும் ஒரு கொடையாளர் இருந்தார். விருந்தில் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகளுக்கு. ஆறாம் ஆண்டு யார் தருவார் என்று கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு தாமதமாக வந்தது.

கேள்வி (ஹூஸ்டன்): யூனியன் வென்றதே...

பதில்: முன்பே சொல்லிவிட்டேன்.

கேள்வி (ரோசஸ்டர், முன்னாள் மாணவர்): நியூயார்க் மாநிலத்து ஜெனீவாவில் ஹோபார்ட் கல்லூரி 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை டிவிஷன் 3 பட்டம் வென்றிருக்கிறது. இனியும் கீழேயே இருப்பது வீண் அல்லவா?

பதில்: ஹோபார்ட்டிடமே இதற்குப் பதில் இருக்கிறது. வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் லக்ராஸ் ஆட்டத்தில் 1980 முதல் 1991 வரை பன்னிரண்டு டிவிஷன் 3 பட்டங்களை ஒன்று விடாமல் வென்ற கல்லூரி அது. 1995-ல் லக்ராஸை டிவிஷன் 1-க்கு உயர்த்தினார்கள். அன்றிலிருந்து தேசியப் பட்டம் பூஜ்யம்.

அவரே மறுபடியும்: பட்டம்தான் எல்லாமா? சிரக்யூஸ் போன்ற அணியோடு சமமாக நின்று ஆடுவது பெருமையில்லையா? 2008-ல் அறங்காவலர்கள் லக்ராஸை மீண்டும் கீழே இறக்க முடிவு செய்தபோது முன்னாள் மாணவர்கள் கொதித்தெழுந்து, சில நாட்களிலேயே அந்த முடிவை மாற்ற வைத்தார்கள். கோப்பையைவிட எதிராளியின் பெயர் முக்கியம் என்றுதானே அதற்குப் பொருள்?

பதில்: நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். அந்த 2008 சம்பவத்தை நான் வேறு விதமாகப் படித்திருந்தேன்: ஒரு முறை ஏறிவிட்டால் இறங்க விடமாட்டார்கள் என்று. நீங்கள் சொல்வதும் அதற்குள் இருக்கிறது. ஆனால் முன்னாள் மாணவருக்குச் சிரக்யூஸோடு ஆடிய பெருமை. பதினெட்டு வயதுப் பையனுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் தோல்விக் கணக்கு. பெருமைக்கும் உழைப்புக்கும் வேறு வேறு ஆள்.

சிரக்யூஸிலிருந்து மற்றொருவர்: தோற்றால் என்ன? என் மகள் டிவிஷன் 1-ல் நான்கு ஆண்டுகள் தோற்கும் அணியில் ஆடினாள். ஒரு நாளும் வருந்தவில்லை.

பதில்: உங்கள் மகளுக்கு என் வணக்கம். அவள் தெரிந்தே சேர்ந்தாள். நான் கவலைப்படுவது, டிவிஷன் 3 என்று நம்பிச் சேர்ந்த பிறகு காலடித் தரை மாற்றப்பட்ட பிள்ளைகளைப் பற்றி.

ரோசஸ்டர்காரர்: ஆர்.ஐ.டி. (எங்கள் ரோசஸ்டர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம்) மட்டும்? 2005-ல் ஏறியது, 2010-லேயே தேசிய அரையிறுதி!

பதில்: டென்வரைத் தோற்கடித்த ஆட்டத்தைப் பார்க்காமல் விட்டதற்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 8-1. அதனால் சாதனை குறையவில்லை. ஆனால் ஆர்.ஐ.டி. பெரிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். அதற்கு அமெரிக்கன் ஃபுட்பால் அணி கிடையாது, ஊரின் பாசம் முழுவதும் ஹாக்கிக்கு. ஏறும்போதே லீக் தயாராக இருந்தது. (ஆம், மறுபடியும் லீக்.)

சண்டையை முடிக்க ஒரு செய்தி. ஹோபார்ட் ஹாக்கியை மட்டும் தூக்க நினைத்தாலும் முடியாது. டிவிஷன் 3 கல்லூரி ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று மட்டுமே டிவிஷன் 1 ஆட்டம் வைத்திருக்கலாம். அதுவும் 2011-க்கு முன்பே அங்கே இருந்ததாக இருந்தால். ஹோபார்ட்டின் ஆண்கள் இடத்தில் லக்ராஸ் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் முதல் இரண்டு குழுக்கள் 2011-க்கு முந்தியவை. மூன்றாவது கூடியபோது, ஹாக்கிக்காகக் கல்லூரியின் எல்லா அணிகளையும் தூக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் எட்டு மாதங்கள் கூடினோம். சிற்றுண்டி நன்றாக இருந்தது.

கேள்வி (டிராய்): அப்படியானால் அகஸ்டானா எப்படி நேரே டிவிஷன் 1 ஹாக்கி தொடங்கியது?

பதில்: அது டிவிஷன் 2 கல்லூரி. அந்த டிவிஷனில் ஹாக்கிப் பட்டம் இல்லாததால் மேலே ஆட வழி உண்டு. 2023-ல் தொடங்கும்போதே லீக்கில் இடம், வளாகத்தில் புது அரங்கம் ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டார்கள். இந்த வரிசைதான் சரி.

கேள்வி (ஒரு தந்தை, பஃபலோ): என் மகனுக்கு 17 வயது, கோல்கீப்பர். விரைவில் மேலே ஏறப்போகும் கல்லூரியில் இப்போதே சேர்த்தால் அவனும் கூடவே ஏறிவிடலாமே?

பதில்: ஐயா, ஏறுவது கல்லூரி, உங்கள் மகன் அல்ல. ஏறிய மறுநாள் பயிற்சியாளர் இருபது, இருபத்தொரு வயது ஆட்களை ஜூனியர் லீக்குகளிலிருந்து கொண்டுவருவார். 2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் டிவிஷன் 1-க்கு வரலாம் என்று விதி மாறிவிட்டது. வரிசை இன்னும் நீளம். வலை ஒன்று, அதில் நிற்பவன் ஒருவன். முதலில் அவன் படிக்க விரும்பும் கல்லூரியைப் பாருங்கள். ஹாக்கி போனாலும் அங்கே இருப்பானா என்று அவனிடமே கேளுங்கள்.

கேள்வி (டல்லாஸ்): சிறிய கல்லூரியான யூனியன் 2014-ல்...

பதில்: இருபது ஆண்டுகள். லீக். அடுத்தவர்.

கேள்வி (ஆல்பனி): இவ்வளவு சொல்கிறீர்கள், உங்கள் கல்லூரி ஏறியிருக்க வேண்டும் என்று ஒரு நாளாவது தோன்றியதில்லையா?

பதில்: தோன்றியிருக்கிறது. சனிக்கிழமை இரவு, அரங்கம் நிரம்பி, கண்ணாடித் தடுப்பைக் குழந்தைகள் தட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் தோன்றும். திங்கட்கிழமை காலை மின்கட்டண ரசீது மேசைக்கு வரும்.

கேள்வி (யூட்டிகாவில் புதிதாகக் குடியேறியவர்): ஹாக்கி பார்த்ததே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம், சார்?

பதில்: உங்கள் ஊரிலேயே. யூட்டிகா பல்கலைக்கழகம் டிவிஷன் 3-தான், ஆனால் அந்த டிவிஷனில் அத்தனை கூட்டம் வேறெங்கும் சேர்வது அரிது. கோல் வலைக்குப் பின்னால் உட்காராதீர்கள், மூலையில் உட்காருங்கள். தடித்த காலுறை போட்டுக்கொண்டு போங்கள்.