கற்பனைத் தோழியால் மனம் கெடுமா?

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் நான், மனத்துக்குள் ஒரு தோழியை உருவாக்கி அவளுடன் நாள்தோறும் பேசி வருகிறேன். அவள் என் கற்பனைதான் என்பதை அறிவேன். ஆனாலும் சில வேளைகளில் நான் எதிர்பாராத பதிலைச் சொல்லிவிடுகிறாள். திபெத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி மனத்தால் படைத்த உருவம் அவருக்கே அடங்காமல் போனதாகப் படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது. இப்பழக்கம் மனநலத்தைக் கெடுக்குமா?
- வாசகி, ஈரோடு

பதில்: அவள் உங்கள் கற்பனை என்று அறிந்திருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த ஆறுதல் அளித்தது. மனச்சிதைவு நோயில் ஒலிக்கும் குரல், கேட்பவர் விரும்பி அழைக்காமலேயே வேறொருவர் பேசுவதுபோலத் தோன்றும். பல வேளைகளில் ஏசும், அச்சுறுத்தும். உங்கள் தோழி அப்படிப்பட்டவள் அல்லள்.

எதிர்பாராத பதிலைக் கண்டும் அஞ்ச வேண்டாம். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 50 புனைகதை எழுத்தாளர்களுள் மிகப் பெரும்பாலோர், தங்கள் கதைமாந்தர் தம் போக்கில் பேசி நடப்பதாக உணர்ந்திருந்தனர். நெடுங்காலம் பழகிய கற்பனைக்கு மனம் தானாகவே சொற்களைத் தருகிறது. நீங்கள் படித்தது அலெக்ஸாண்ட்ரா டேவிட்-நீல் 1929இல் எழுதிய நூலில் உள்ள செய்தி. தாம் படைத்த துறவியின் உருவத்தைக் கலைக்க ஆறு மாதம் போராடியதாக அவர் சொல்கிறார். அது ஒருவர் தம் அனுபவமாகக் கூறியது மட்டுமே. அதை மருத்துவச் சான்றாகக் கொள்ள முடியாது.

என் கவலை வேறு. பகற்கனவு ஒருவரது நாளையே விழுங்கி, படிப்பையும் உறவுகளையும் சிதைக்கும் நிலையை இஸ்ரேலிய உளவியலாளர் எலி சோமர் 2002இல் விவரித்தார். அந்நிலையில் இருப்பவர்களுக்கும் அது கற்பனை என்பது தெரியும். விட வேண்டும் என்று நினைப்பார்கள், ஆனால் விட முடியாது. ஆகவே, அவள் கற்பனை என்று தெரிந்திருப்பது மட்டும் போதாது. விடுதித் தோழியர் அழைக்கும்போது மறுத்துவிட்டு அறைக்குள் இவளிடம் திரும்புகிறீர்களா, தேர்வுக் காலத்தில் இவளைச் சில நாள் ஒதுக்கிவைக்க இயல்கிறதா என்பதை நேர்மையாகப் பாருங்கள். இயன்றால், தனிமையில் துணையாக இருக்கும் இவளை வலிந்து விரட்ட வேண்டியதில்லை.

இயலாவிட்டாலோ, உறக்கம் கெட்டாலோ, அவள் கட்டளையிடவோ உங்களை இழிவுபடுத்தவோ தொடங்கினாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அப்போது தோழியைப் பற்றி வெட்கப்பட்டு மறைத்துவிடாதீர்கள். மருத்துவர் முதலில் அறிய வேண்டியது அதுதான்.