குதிகால் குத்துகிறது, ஷூவை மாற்றட்டுமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 47 வயது, எடை 81 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. ஐந்து மாதமாக வாரத்தில் மூன்று நாள் ஜிம் போகிறேன். தினமும் காலையில் 4 கி.மீ. நடக்கிறேன். தொடங்கும்போதே, "உங்கள் எடைக்கு நல்ல குஷன் வேண்டும்" என்று சொன்னார்கள் என்பதற்காக, விரலால் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும் தடித்த ஷூ ஒன்றை வாங்கினேன். போட்டதும் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு மாதமாக, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் வலது குதிகாலில் ஊசி குத்துவது போல வலிக்கிறது. பத்துப் பன்னிரண்டு அடி நடந்தால் குறைந்துவிடுகிறது. டிரெட்மில்லில் இருபது நிமிடம் தாண்டினால் விரல்கள் மரத்துப் போகின்றன. உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடும்போது பாதம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. இன்னும் அதிகக் குஷன் உள்ள ஷூ வாங்கலாமா? நடைக்கும் ஜிம்முக்கும் ஒரே ஷூ போதுமா?

பதில்: மூன்று தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் குஷன் போதாததுதான் காரணம் என்று நீங்கள் நினைப்பது கேள்வியிலேயே தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விரல் மரத்துப் போவது பெரும்பாலும் ஷூவின் அளவால் வருவது. ஸ்குவாட்டில் ஆடுவது குஷன் கூடிப் போனதால். குதிகால் வலியில் ஷூவுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஷூவை மட்டும் மாற்றி அதைத் தீர்த்துவிட முடியாது. ஆகவே இன்னும் மெத்தென்ற ஒன்றைத் தேடிப் போக வேண்டாம்.

முதலில் அளவு. பாத வலியோடு வருகிறவர்களிடம், ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நிற்கச் சொல்வேன். குதிகால் பின்விளிம்போடு பொருந்தியிருக்க வேண்டும். பலருக்கு அந்த நிமிடமே விஷயம் விளங்கிவிடும். சுண்டுவிரல் இன்சோலைத் தாண்டித் தரையில் கிடக்கும். பெருவிரலின் நுனிக்கு முன்னால் ஒரு நூல் இடமும் இருக்காது. அந்தப் பாதத்தைத்தான் லேஸ் போட்டு இறுக்கி ஒரு மணி நேரம் நடக்க வைக்கிறோம். நீங்களும் இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். உட்கார்ந்தபடி வேண்டாம், நின்று பாருங்கள்; உடல் எடை இறங்கும்போது பாதம் நீளத்திலும் அகலத்திலும் விரியும்.

உங்கள் பாதம் இன்சோலுக்கு வெளியே வழிந்தால் மரத்துப் போவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. முன்பாதத்து எலும்புகளுக்கு நடுவே விரல்களுக்குப் போகும் நரம்புகள் ஓடுகின்றன. நடக்க நடக்கப் பாதம் சூடாகிச் சற்று வீங்கும். டிரெட்மில்லில் மேடு பள்ளமும் இல்லை, வளைவும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே அழுத்தம் திரும்பத் திரும்ப விழுகிறது. இருபதாவது நிமிடத்தில் ஷூவுக்குள் இடம் தீர்ந்து அந்த நரம்புகள் நசுங்குகின்றன. அதனால்தான் ஷூவை மாலையில் வாங்கச் சொல்கிறோம். அப்போது இருக்கும் பாதம்தான் உடற்பயிற்சி நேரத்துப் பாதத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். எந்த சாக்ஸ் போட்டு நடப்பீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு பாதமும் அச்சாக ஒரே அளவில் இருப்பது அபூர்வம், ஆகவே பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், சுமார் 1 செ.மீ., இடம் வேண்டும். அந்த நீளமான விரல் சிலருக்கு இரண்டாவது விரலாக இருக்கும், கவனியுங்கள். அகலம் போதவில்லை என்றால் ஒரு எண் பெரிதாக எடுத்துச் சமாளிக்காதீர்கள். அப்படிச் செய்தால் குதிகால் உள்ளே வழுக்கும். அதே எண்ணில் அகலமான வகையைக் கேளுங்கள். வயதும் எடையும் கூடும்போது பாதம் விரிவது சகஜம். இருபது வயதில் போட்ட எண்ணையே பலர் இன்னும் கேட்டு வாங்குகிறார்கள். தயவுசெய்து ஒவ்வொரு முறையும் அளந்து வாங்குங்கள்.

இப்போது இருக்கும் ஷூவை உடனே தூக்கிப் போட மனமில்லை என்றால் லேஸை மாற்றிக் கட்டிப் பாருங்கள். கணுக்காலுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் யாரும் தொடாத கடைசி ஓட்டை ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் லேஸை அதே பக்கத்துக் கடைசி ஓட்டைக்குள் விட்டுச் சிறு வளையம் உண்டாக்குங்கள். பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், முன்பக்கத்து லேஸைத் தளர்த்தி விரல்களுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கலாம்.

சரி, குஷனுக்கு வருவோம். ஷூவின் அடிப்பகுதிக்கும் இன்சோலுக்கும் நடுவில் இருக்கும் மிட்சோல்தான் நீங்கள் குஷன் என்று சொல்வது. பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற ஃபோம், கோடிக்கணக்கான குட்டிக் காற்றறைகள் கொண்ட பொருள். கடையில் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "ஆஹா" என்கிறோம். கட்டைவிரல் கொடுக்கும் அழுத்தம் சில கிலோதான். நீங்கள் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் உங்கள் எடையைவிடச் சற்று அதிகமாக, ஏறக்குறைய 90 முதல் 100 கிலோ வரை அதன்மேல் இறங்குகிறது. ஓடினால் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. விரலுக்கே அமுங்கிவிடும் ஃபோம், அந்தச் சுமையில் முழுக்கச் சப்பிப்போய் அதற்குமேல் அமுங்க இடமில்லாமல் நின்றுவிடும். அப்புறம் அது மெத்தையாக இருந்தும் பயன் இல்லை. கனமான உடலுக்குக் கொஞ்சம் கெட்டியான, அமுங்கியதும் எழும்பி வரும் ஃபோம்தான் பொருத்தம்.

உடலும் சும்மா இருப்பதில்லை. காலடியில் தரை மிருதுவானால் மூளை கால் தசைகளை இறுக்கிக்கொள்கிறது. தரை கெட்டியானால் முழங்காலைக் கூடுதலாக மடக்கித் தளர்த்துகிறது. எனவே குஷனை இரண்டு மடங்காக்கினால் அதிர்வு பாதியாகும் என்ற கணக்கு உடம்பில் செல்லாது. குஷனே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லக்ஸம்பர்க்கில் 848 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மிருதுவான ஷூவையும் கெட்டியான ஷூவையும் பிரித்துக் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். 2020-இல் முடிவு வெளியானது. கெட்டியான ஷூ போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். ஆனால் எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது மிருதுவான ஷூவின் பலன் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. உங்களுக்குச் சொல்லப்பட்டதற்கு நேர் எதிர். அது ஓட்டக்காரர்களைப் பற்றியது, நீங்கள் நடப்பவர் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும், எடை கூடினால் குஷனையும் கூட்டு என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

"எனக்குத் தட்டைப் பாதம், அதற்கென்றே தனி ஷூ வேண்டுமா" என்று நிறையப் பேர் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எல்லோருக்கும் ஒரே வகை. பயிற்சி முடிவில் இரு தரப்புக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் இந்தத் துறையில் பல்லாண்டு உழைத்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2015-இல் முன்வைத்த கருத்து, போட்டு நடந்து பார்க்கும்போது உங்கள் காலுக்கு எது சுகமோ அதுவே நல்ல தேர்வு என்பது. நானும் அதைத்தான் சொல்கிறேன். நின்று பார்த்து முடிவு செய்யாமல், பத்து நிமிடம் நடந்து, திரும்பி, ஒரு படி ஏறி இறங்கிப் பாருங்கள். "போடப் போடப் பழகிவிடும்" என்று யாராவது சொன்னால் அந்த ஷூவை வைத்துவிட்டு வாருங்கள்.

இந்த "சுகமே வழிகாட்டி" என்ற பேச்சு ஒரு சாராருக்குப் பொருந்தாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு, இறுக்கும் ஷூவும் சுகமாகவே தெரியும். உள்ளே கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. அவர்கள் போடுவதற்கு முன் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், கழற்றியதும் பாதத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷூவை மருத்துவரிடம் காட்டியே தேர்ந்தெடுப்பது நல்லது.

ஸ்குவாட்டில் பாதம் ஆடுவதற்கு விடை எளிது. தலையணைமேல் ஏறி நின்று எடை தூக்கினால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். கால் தரையை அழுத்தும் விசையின் ஒரு பங்கை ஃபோம் விழுங்கிவிடும், கணுக்கால் உள்ளே வெளியே சாயும், முழங்காலும் அதோடு போகும். எடைப் பயிற்சிக்கு அடி தட்டையாக, கெட்டியாக, அகலமாக இருக்கும் டிரெய்னிங் ஷூ போதும். பக்கவாட்டில் தாவும் பயிற்சிகளுக்கும் அதுவே சரி. ஓட்ட ஷூ முன்னோக்கிப் போவதற்காகச் செய்யப்பட்டது, பக்கவாட்டில் பிடிமானம் குறைவு. இயந்திரத்தில் உட்கார்ந்து செய்யும் பயிற்சிக்கும் டிரெட்மில்லுக்கும் நடை ஷூவே போதும். ஆக, கனமான எடை தூக்குகிறவர் என்றால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் நடுத்தரக் குஷன், ரொம்ப உயரமில்லாத அடி, பின்பக்கத்தைக் கிள்ளினால் எளிதில் நசுங்காத குதிகால் பகுதி உள்ளதாகப் பாருங்கள். இரு கையாலும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுப்பகுதியில் மடங்குவது வேண்டாம்.

இனி குதிகால். நீங்கள் சொல்லும் விதம், அதாவது காலையில் முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைவது, உள்ளங்கால் தசைநார்ப் பட்டையின் வலியாகவே எனக்குப் படுகிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை போகும் உறுதியான பட்டை அது. நேரில் பார்த்தால் குதிகாலின் உட்பக்க அடியில் அழுத்திப் பார்ப்பேன்; அங்கே "ஐயோ" என்றால் ஏறக்குறைய உறுதி. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தாலும் பயப்படாதீர்கள், வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன் நடையையும் ஜிம்மையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்தப் பட்டைக்குப் பழக அவகாசம் கிடைக்கவில்லை என்பதுதான் என் முதல் சந்தேகம்.

நடையை நிறுத்த வேண்டாம், சில வாரம் 2 கி.மீ. ஆக்குங்கள். கட்டிலை விட்டு இறங்குமுன் வலது காலை இடது முழங்கால்மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்து பத்து எண்ணும்வரை வைத்திருங்கள். பத்து முறை. பகலில் இன்னும் இரண்டு தடவை. அப்புறம் முக்கியமான பயிற்சி: ஒரு படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றைக் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணும் நேரத்தில் குதிகாலை உயர்த்துங்கள். இரண்டு எண்ணும்வரை மேலே நில்லுங்கள். மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். ஒற்றைக் காலில் முடியவில்லை என்றால் இரண்டு காலாலும் தொடங்கலாம். பன்னிரண்டு தடவை கொண்டது ஒரு சுற்று. மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். டென்மார்க்கில் 2014-இல் வெளியான ஆய்வில், வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். பொறுமை வேண்டும், இரண்டு வாரத்தில் போகிற வலி இல்லை இது.

இந்த வலி இருக்கும்வரை குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 12 மி.மீ. உயர்ந்த ஷூ உங்களுக்கு ஏற்றது. அது கெண்டைக்கால் தசையின் இழுப்பைக் குறைக்கும். தட்டையான ஷூவில் நீண்ட நேரம் நடக்காதீர்கள், எடை தூக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கெட்டித் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பதையும் கொஞ்ச நாள் தவிருங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். தினம் 4 கி.மீ. என்றால் மாதம் 120, ஐந்து மாதத்தில் 600 கி.மீ. ஓட்ட ஷூவுக்கு 500 முதல் 800 கி.மீ. ஆயுள் என்பது வழக்கமான மதிப்பீடு. நடையில் அதிர்வு குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், ஆனால் உங்களுடையது ரொம்ப மிருதுவானது. ஷூவைச் சமமான மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, மிட்சோல் ஓரத்தில் பக்கவாட்டாகச் சுருக்கங்கள் விழுந்து அவை விரியாமலே இருந்தாலோ அதன் வேலை முடிந்தது. மேலே துணி பளபளவென்று இருக்கலாம், ஃபோம் செத்திருக்கும். நனைந்தால் வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். சூட்டில் ஃபோமும் பசையும் கெடும்.

ஆறு வாரத்தில் கொஞ்சமும் குறையாவிட்டால் எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். இரவில் படுத்திருக்கும்போதும் வலி, வீக்கம், காய்ச்சல், காலை ஊன்றவே முடியாமை, குதிகால் எலும்பை இரு பக்கமும் சேர்த்து அமுக்கினால் கடும் வலி, ஷூவைக் கழற்றிய பிறகும் நீங்காத மரத்துப்போதல், இவற்றில் எது வந்தாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். போகும்போது பழைய ஷூவையும் எடுத்துக்கொண்டு போங்கள், அதன் அடித்தேய்மானத்தை அவர்கள் பார்க்க விரும்புவார்கள்.