கதவும் குழந்தையும்: ஒரு தச்சரின் பதில்கள்

(வாசகர்களின் வீட்டுக் கேள்விகளுக்குக் கும்பகோணத்தைச் சேர்ந்த தச்சர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, என் பையனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. மகளுக்கு எட்டு வயது. பையன் பாத்ரூமுக்குள் ஓடிவிடுகிறான் என்று வெளிப்பக்கம், கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டோம். அவன் போவது நின்றது. ஆனால் மகள் ஒவ்வொரு தடவையும் திறந்துவிடச் சொல்லி நிற்கிறாள். ராத்திரியில் எங்களை எழுப்பத் தயங்கி அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். என்ன செய்யலாம்?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, அந்தப் பெண் அடக்கிக்கொண்டு படுப்பதுதான் எனக்கு முதலில் கவலையாக இருக்கிறது. தம்பிக்காகப் போட்ட தாழ்ப்பாள் அக்காவைக் கட்டிப்போடக் கூடாது. சின்னவனுக்கு எட்டாமல் பெரியவளுக்கு எட்டுகிற உயரம் ஒன்று உங்கள் கதவிலேயே இருக்கிறது.

கதவைப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். பெயின்ட் மேல் சின்னக் கைகளின் அழுக்கு ஒரு பட்டையாகப் படிந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, பிஸ்கட் தூள், கிரேயான் கோடு எல்லாம் ஓர் உயரத்தோடு நின்றுவிடும். பையன் கை போகிற எல்லை அதுதான். அப்புறம் அவனைக் கதவோடு நிறுத்தி, மேலே ஒரு பொம்மையைக் காட்டி எம்பச் சொல்லி, விரல் நுனியில் பென்சிலால் கோடு போடுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சுமார் மூன்றரை அடியில் வரும். மகளையும் அதேபோல் நிறுத்துங்கள். எட்டு வயதென்றால் ஐந்தடியைத் தொட்டுவிடுவாள். இரண்டு கோடுகளுக்கும் நடுவில், மகளின் கோட்டுக்கு அரை அடி கீழே தாழ்ப்பாள் வரட்டும். அநேகமாக நாலரை அடி. நுனிக்காலில் நிற்காமல் அவள் தள்ளித் திறக்க வேண்டும். எக்கி எக்கித் திறக்க வேண்டியிருந்தால் போட மறந்துவிடுவாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

பாத்ரூமின் உள்பக்கத் தாழ்ப்பாளையும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள். பல வீடுகளில் அது மூன்றடியில் இருக்கிறது. பையன் உள்ளே போய்ப் போட்டுக்கொள்வான், எடுக்கத் தெரியாது. நாலு அங்குலத் தாழ்ப்பாள் போதும், பெரிது வேண்டாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பாத்ரூம் கதவு பி.வி.சி. என்றால் உள்ளே வெறும் கூடு. நடுவில் ஸ்க்ரூ முடுக்கினால் நாலு நாளில் ஆடும். ஓரச் சட்டத்தில் முடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இந்தப் பக்கம் போல்ட், அந்தப் பக்கம் நட் என்று ஊடுருவிப் போடச் சொல்லுங்கள். மரக் கதவானால் ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்கவே விடாதீர்கள். துளை போட்டு முடுக்கினால்தான் பிடிக்கும்.

முக்காலி, கவிழ்த்த வாளி, தண்ணீர் கேன் எதுவும் அந்தக் கதவருகே இருக்க வேண்டாம். ஒரு அடி உயரம் கிடைத்தால் நாலரை அடியும் அவனுக்கு எட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோட்டை மறுபடி போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நல்ல தாழ்ப்பாள் போட்டாலும், ஸ்கூல் பஸ் வந்துவிட்டது என்று ஓடுகிற எட்டு வயதுப் பெண் ஒருநாள் மறப்பாள். ஆகவே உள்ளே வாளியில் தண்ணீர் நிற்கக் கூடாது. இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்தால் தலைகீழாக விழுவான், தானாக நிமிர வராது. சில அங்குலத் தண்ணீரே உயிரை எடுத்துவிடும், சத்தமும் கேட்காது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற தெரு என்றால், டிரம்முக்குத் திருகு மூடி வாங்குங்கள். மேலே பலகை வைப்பது மூடி ஆகாது. தம்பியைக் காவல் காக்கும் வேலையை மகள் தலையில் வைக்காதீர்கள். அது பெரியவர்கள் வேலை.

கேள்வி: கதவு இடுக்கில் விரல் நசுங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் மூத்த பிள்ளைகள் இருவரும் சண்டை போட்டுக் கதவை அறைந்து சாத்துகிறார்கள். குட்டிப் பெண்ணுக்கு ஒன்றரை வயது. கதவு விளிம்பில் மாட்டக் கடையில் விற்கும் ஸ்பாஞ்ச் போதுமா?
ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பொள்ளாச்சி என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் சண்டையே இல்லாமலும் கதவு அறையும்.

அந்த வளைந்த ஸ்பாஞ்ச் கைப்பிடிப் பக்கத்து விரலைக் காப்பாற்றும். குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், கீழே இருந்தால் கடித்துப் பிய்த்து விழுங்கும். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கெட்டித் துண்டு ஒன்றைக் கதவின் மேல் விளிம்பில் தொங்கப் போட்டாலே கதவு முழுதாகச் சாத்தாது.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது கீல் பக்கத்துக்கு. கதவு திறந்திருக்கும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஓர் இடுக்கு விழுகிறதே, குழந்தை விரலை விடுவது அங்கேதான். கைப்பிடி கீலிலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்கிறது. அங்கே ஒருவர் லேசாகத் தள்ளினால் கீலருகே அது பல மடங்கு பலமாக இறங்கும், பாக்குவெட்டி மாதிரி. ஸ்பாஞ்ச் இதற்கு உதவாது. கீல் இடுக்கை மேலிருந்து கீழ் வரை மூடுகிற பிளாஸ்டிக் பட்டை கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் கனத்த ரெக்சினை நாலரை அடி உயரத்துக்கு வெட்டி, ஒரு விளிம்பைக் கதவிலும் மறு விளிம்பை நிலையிலும் பட்டி வைத்து ஸ்க்ரூ போடுங்கள். கதவு முழுதாகத் திறக்கும் அளவுக்குத் துணி தளர்வாக இருக்கட்டும். பகலில் திறந்தே கிடக்கிற கதவுகளுக்குச் சுவரில் மேக்னெட் ஸ்டாப்பர் போடுங்கள். தரையில் வைக்கிற ரப்பர் ஆப்பைக் குழந்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

மூத்த பிள்ளைகளின் சண்டையை நான் நிறுத்த முடியாது. ஆனால் ஒன்று கேளுங்கள். அவர்களுக்குத் தனியாக உட்கார ஓர் இடம் இருக்கிறதா? கலர் மணி, காம்பஸ், பட்டன் பேட்டரி போட்ட பொம்மை எல்லாவற்றையும் குட்டி வந்து இழுத்தால் கதவை அறையத்தான் தோன்றும். அந்த அறை வாசலில் மூன்றடிக்குப் பாதிக் கதவு ஒன்று செய்து கொடுங்கள், கொண்டி உள்பக்கம் இருக்கட்டும். சட்டங்கள் செங்குத்தாக, இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். படுக்கை வாட்டத்தில் போட்டால் ஏணியாகிவிடும். பெரிய கதவு திறந்தே இருக்கும், சாமான்கள் பத்திரம், நீங்களும் எட்டிப் பார்க்கலாம். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே ஆஸ்பத்திரி. காத்திருக்கவே கூடாது.

விரல் நசுங்கிவிட்டால் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். நகம் கறுத்தாலோ, விரல் கோணினாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம்.

கேள்வி: நான் துணி காயப்போட பால்கனிக்குப் போனேன். உள்ளே இருந்த பையன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். மூத்தவன் பள்ளியிலிருந்து வரும்வரை வெளியிலேயே நின்றேன். இனி என்ன செய்ய?
ஒரு வாசகி, சென்னை அம்பத்தூர்

பதில்: அடுக்குமாடி வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது அம்மா. அடுப்பில் பால் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது. பால்கனிக் கதவின் கீழ்த் தாழ்ப்பாளை இன்றே கழற்றிவிடுங்கள், நாலு ஸ்க்ரூதான். மேல் தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டும். போகும்போது போனைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தானாகப் பூட்டிக்கொள்கிற நைட் லாட்ச் வாசலில் இருந்தால் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். கிரில் கேட்டை ராத்திரி உள்ளே பூட்டுவீர்கள் என்றால், சாவியைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். கேட் அருகிலேயே ஆணியில், மூத்தவன் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கட்டும். தீ என்றால் தேட நேரமிருக்காது.

பையன் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டால் கதவை உதைக்காதீர்கள், அவன் கதவோடு ஒட்டித்தான் நிற்பான். அண்ணனைப் பேசச் சொல்லுங்கள், அம்மா குரலில் பதற்றம் தெரிந்தால் பிள்ளை இன்னும் அழும். ஜன்னல் வழியாகக் கம்பு விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ள முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். சின்ன விஷயத்துக்குக் கூப்பிடுகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம், தீயணைப்பு வீரர்கள் இதற்கும் வருவார்கள்.