சும்மா இருந்தால் சாகும் இணைப்பு

கேள்வி: லினக்ஸ் சர்வரில் எஸ்.எஸ்.ஹெச். (பாதுகாப்பான தொலைவிணைப்பு) வழியாக போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு வரும் இணைப்பை வேறிடத்துக்குத் திருப்பிவிடுவது) செய்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் உறைந்துவிடுகிறது. அதே வேலைக்கான சோகேட் என்ற கருவியோ ஒரே இணைப்போடு நின்றுவிடுகிறது. எதைத்தான் நம்புவது?

பதில்: சோகேட்டைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பிரதி எடுக்கச் சொல்லும் 'ஃபோர்க்' கொடுக்காவிட்டால் அதன் சுபாவமே அதுதான்.

எஸ்.எஸ்.ஹெச். கதை வேறு. பேச்சுமூச்சில்லாத இணைப்பை நடுவிலுள்ள ஃபயர்வால் சத்தமில்லாமல் மறந்துவிடும். இரு முனைகளுக்கும் தெரியாது. லினக்ஸின் டி.சி.பி. கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) இயல்பாக 7200 விநாடி கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். இரண்டு மணி நேரம், சாவகாசமாக! எஸ்.எஸ்.ஹெச். அமைப்பில் 'சர்வர்அலைவ்இன்டர்வல்' (சர்வரை எத்தனை விநாடிக்கு ஒருமுறை விசாரிப்பது) 30 என்று வையுங்கள். மூன்று முறை பதில் வராவிட்டால், சுமார் 90 விநாடியில், எஸ்.எஸ்.ஹெச். தானே விலகும். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை மறுபடி எழுப்பட்டும்.

'எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர்' (ஃபார்வர்டிங் அமையாவிட்டால் வெளியேறு) என்ற அமைப்பும் கட்டாயம். இல்லையென்றால் எஸ்.எஸ்.ஹெச். போர்ட் கிடைக்காமலே உயிரோடு இருப்பதாக நடிக்கும். எனக்கு மகா எரிச்சல் தருவது இதுதான்.